ராகு காலத்துக்கு முன் ஒரு துளை

எங்கள் வீட்டில் ஒரு விமானம் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பியவர்கள் கம்மி. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை அடுக்குவதற்காக மாமனார் கட்டிய கொட்டகை ஒன்று இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதற்குள் உட்கார்ந்துதான் என் வீட்டுக்காரர் விமானம் கட்டினார். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டு எட்டிப் பார்ப்பார்கள். பளபளவென்று நீண்டு கிடக்கும் இறக்கையைப் பார்த்துவிட்டு, "எந்தச் சாமிக்குங்க வாகனம் செய்றீங்க?" என்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, "பிள்ளையாருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு அம்மாள் இறக்கைக்குக் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

அவர் விமானப்படையில் இருந்தவர். ஓட்டுகிற வேலை இல்லை. விமானத்தின் மேல்தகடு கிழிந்தால், நசுங்கினால், வெட்டி ஒட்டிச் சரிசெய்து கொடுக்கும் வேலை. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, டவுனில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தார். படையில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வெளிநாட்டில் குடியேறி, அங்கே ஒரு விமானத்தைப் பெட்டிகளில் வாங்கியிருந்தார். சாமான்களையும் படத்தையும் கொடுத்துவிடுவார்கள், நாமே வீட்டில் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நண்பருக்குப் பாதியில் ஆசை தீர்ந்துவிட்டது. பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி இவருக்கு அனுப்பிவிட்டார். வேலியில் போன ஓணான் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். ஓட்டத் தெரியாதே என்றேன், கத்துக்கலாம் என்றார். பறக்க அனுமதி கொடுப்பார்களா என்றேன், மொதல்ல கட்டி முடிப்போம் என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் ஏதோ ஒன்று வளரட்டும் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டேன் என்றால் சும்மா இருந்தேன் என்று அர்த்தமில்லை. இரண்டு தகடுகளைச் சேர்க்க, இரண்டிலும் சேர்த்துத் துளை போட்டு, துளைக்குள் ரிவிட் ஆணியைச் செருகி, ஒரு பக்கம் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். மறுபக்கம் கனமான இரும்புக் கட்டையை ஆணிமேல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆணியின் வால் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். இதை ஒரு ஆள் செய்ய முடியாது. அந்த இன்னொரு ஆள் நான். கீழ்பென்னாத்தூரில் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை எனக்கு. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், நாலாம் வகுப்போடு கத்தி, சாயந்தரம் திரும்பி வந்து உலை வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய்க் கட்டையைப் பிடிப்பேன். காலிலிருந்து தலைவரை அதிரும். சோறு குழைந்து போன நாட்கள்தான் ஜாஸ்தி.

நண்பர் பாதி கட்டி அனுப்பினாரே, அந்தப் பாதியில் ஏகப்பட்ட கோளாறு. முதல் இரண்டு வருடம் நாங்கள் புதிதாக எதையும் கட்டவில்லை, நண்பர் போட்ட தப்புத் துளைகளைத்தான் சரிசெய்தோம். முனை ஆடி நீள்வட்டமாகிப்போன துளை, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து 8 என்ற எண் போல நிற்கும் துளை, சாய்ந்து இறங்கிய துளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம். கொஞ்சம் பெரிதாகிவிட்டதா, அடுத்த சைஸ் ஆணி. ரொம்பப் பெரிதா, பின்னால் ஒரு துண்டுத் தகடு வைத்துச் சுற்றிலும் நல்ல துளைகள். அடித்த ஆணி கோணலாக உட்கார்ந்தால் அதன் தலையை மட்டும் துளைத்து, பக்குவமாகத் தட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு தப்பு இரண்டாகும். "ஓரம் மட்டும் பாத்துக்கோ," என்பார் அவர். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரைக்கும் துளையின் அகலத்தைப் போல இரண்டு பங்காவது இடம் வேண்டும். அதற்குக் குறைந்தால் இழுபடும்போது ஓரம் கிழிந்துவிடும். தாவணி ஓரத்தில் ஊக்கு குத்தினால் கிழிகிற மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். அது புரிந்த நாளிலிருந்து, அவர் கண்ணுக்கு முன்னால் என் கண் போய் ஓரத்தைப் பார்க்கும்.

இப்படியே நாலு வருடம் போயிற்று. எனக்கு அலுத்துப்போய்விட்டது. அவருக்கும்தான், ஆனால் சொல்லமாட்டார். கடைசியில் இறக்கையின் உத்தரத்துக்கு வந்தோம். ஸ்பார் என்பார் அவர், நான் உத்தரம் என்பேன். இறக்கைக்குள் நீளமாக ஓடி, விமானத்தின் பாரத்தையெல்லாம் தாங்குவது அதுதான். வேறு எங்கே தப்பினாலும் ஒட்டுப்போடலாம், உத்தரத்தில் ஒட்டுவேலை கூடாது, புதிதாக மாற்ற வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியவரும் அவரே.

பட்டாளத்தில் ராகுவையும் கேதுவையும் சட்டை செய்யாத மனுஷன், சொந்த விமானம் என்றதும் காலண்டர் தாளைப் பார்க்காமல் துளை போடும் மெஷினைத் தொடமாட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்றரைக்கு மேல் நல்ல நேரம், நாலரைக்கு ராகு காலம். உத்தரம் விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் கடைசி வரிசைத் துளைகள். எல்லாம் அளந்து, துளை விழ வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டித் தகட்டை மேலே வைத்து, நகராமல் இருக்கக் கிளாம்ப் மாட்டி, சூடம் காட்டி மெஷினை எடுத்தார். கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கரண்டுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது. காத்திருந்து காத்திருந்து, இனி வராது என்று கிளாம்பைக் கழற்றி வைத்தார். டீ போடலாம் என்று நான் எழுந்தேன். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு எரிந்தது.

"கிளாம்ப மாட்டிட்டுப் போடுங்க," என்றேன்.

"நேரம் இல்ல. நீ கையால அழுத்திப் புடி, ஒண்ணு போட்டுட்டா ஆரம்பிச்ச கணக்கு."

கையால் பிடித்தால் நிற்கிற தகடா அது? மெஷின் முனை பட்டதும் நகர்ந்தது. துளை குறித்த இடத்தை விட்டு ஓரத்துப் பக்கம் இறங்கிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் வாயில் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஸ்கேலை வைத்து அளந்தார். திரும்ப அளந்தார். அளக்க அளக்க ஓரம் வளரவா போகிறது?

புது உத்தரம் கேட்டு நண்பருக்கு எழுதினார். பெட்டிகளை விற்ற கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சில வாரம் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. அந்தத் துளையை அடுத்த சைஸுக்குப் பெரிதாக்கி, பின்னால் துண்டுத் தகடு வைத்து, ஆணியையும் செருகி வைத்திருந்தார். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"வந்துட்டியா? வா, புடி," என்றார்.

நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாட்டேன்."

"என்னா மாட்டேன்?"

"ஓரம் பத்தல. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"நூத்துக்கணக்குல ரிவிட் இருக்குது பக்கத்துல. இது ஒண்ணு. ஜாஸ்தி பேசாத, புடி."

"பட்டாளத்துல இருந்தா இது சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

கத்த ஆரம்பித்தார். நாலு வருடக் கத்தல். இது என் விமானம், நான்தானே ஏறப்போறேன், உனக்கு என்னா வந்தது என்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஏறுவீங்க. வானத்துல அது கிழிஞ்சா நீங்க விழுவீங்க. நாலு வருஷமா நான் கட்டையப் புடிச்சது, என் கையாலயே உங்களத் தள்ளி விடறதுக்கா? வேற ஆள வச்சு அடிச்சிக்கோங்க. நான் புடிக்க மாட்டேன்."

வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. பம்ப் செட் ரிப்பேர் பார்க்கிறவர் தெருமுனையிலேயே இருந்தார், கூப்பிட்டால் ஒரு நிமிட வேலை. அதனால் தினமும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு, இன்றைக்கு அடித்திருப்பாரோ என்று. வீட்டுக்கு வந்ததும் முதலில் கொட்டகைக்குப் போய் அந்த ஆணியைப் பார்ப்பேன். செருகியபடியே இருக்கும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சாப்பாடு போடுவேன், சாப்பிடுவார்.

பிறகு ஒரு காலையில் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். உத்தரத்தைச் சரியாக அந்தத் துளையின் மேலேயே அறுத்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் அதுதான் வழக்கமாம். ஆகாது என்று தள்ளிய சாமானை அப்படியே வைக்கக் கூடாது, எவனாவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடுவான், இரண்டாக அறுத்துவிட வேண்டும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைமுடி முழுக்க அலுமினியத் தூள். ஆனைக்கும் அடி சறுக்கும்தான், சறுக்கிய ஆனை இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை. இனி உயிரோடு இருப்பார் என்ற நிம்மதியும், அவர் ஆசையை நான் கெடுத்துவிட்டேன் என்ற வேதனையும் ஒன்றாக வந்தன. பள்ளிக்கு லீவு போட்டேன்.

விமானம் என்ன ஆச்சு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "அவளுக்குக் கை வலி, புடிக்க முடியல. நிறுத்திட்டோம்," என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கை வலித்தது உண்டு, அதற்காக ஒருநாளும் நிறுத்தியவள் இல்லை நான். கல்யாண வீடுகளில் என் நாத்தனார்கள், புருஷன் பறக்க இருந்ததைக் கெடுத்தவள் என்று காதுபடப் பேசினார்கள். பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் என் தலையில போடறீங்க? தப்பா ஓட்டை போட்டேன்னு சொன்னா என்னா?"

மெதுவாகச் சொன்னார்.

"நான் கை வச்சு அனுப்பின விமானத்துல எத்தினி பசங்க ஏறிப் போயிருக்கானுங்க தெரியுமா? இவர்தான் சரி பண்ணாரு, பயம் இல்லன்னு ஏறினானுங்க. அதுல ஒருத்தன் எங்கயாவது உக்காந்துகினு, நான் கண்ணு தெரிஞ்சே ஓரத்துல ரிவிட் அடிக்கப் பாத்தேன்னு கேள்விப்படக் கூடாது."

அதற்குப் பிறகு யாராவது விமானத்தைப் பற்றிக் கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, "எனக்குத்தாங்க கை வலி," என்று சொல்லிவிடுவேன்.