கைராசிக்காரரின் ஊதாக்கொடி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள். ஊருக்கு அவர் கைராசி. காய்ந்த குச்சியை ஊன்றினாலும் துளிர்த்துவிடும், அப்பேர்ப்பட்ட கை. செடிப்பண்ணை நடத்திய காலத்தில், யார் எதை வாங்கினாலும் ஊதாப்பூக்கொடியில் ஒரு துண்டை ஈரத்தாளில் சுற்றிக் கொசுறாகக் கொடுப்பார். கேட் ஓரமாக வைத்தால் வருஷம் பூராவும் பூக்கும் என்பார். பூத்தது. பூத்துத் தொலைத்தது.

கொடி கேட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ஊருக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் ஏறியது. அங்கே காலங்காலமாக நின்ற வெண்பூ மரங்களை உச்சிவரை போர்த்தி மூடியது. வெயில் படாமல் அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. வேறெங்கும் இல்லாத மரம் அது. அன்றைக்குக் கொசுறுக்குப் பல்லைக் காட்டியவர்கள் இன்று அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நல்ல நியாயம்! அவரோ பண்ணையை மூடிவிட்டு, கொடி பிடுங்கும் ஆட்களோடு தினமும் சரிவுக்குப் போய்வந்தார். மனுஷன் ஒருதடவை அழுதுதொலைத்தால் தேவலையே என்று மனைவி நினைத்தாள். அழவில்லை.

கடைசி மரமும் சாய்ந்த அன்று, வனத்துறை அதிகாரியம்மா அதன் விதைகளைக் காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் போட்டதெல்லாம் அழுகிவிட்டதாம். இதை விட்டால் வேறு விதை இல்லை.

"உங்க கைய நம்பித்தான் தர்றேன்," என்றார்.

பண்ணை மூலையில் கிடந்த தன் பழைய மண்ணைத் தொட்டியில் நிரப்பி விதைத்தார். மண்ணைச் சலித்தால் சத்துப் போய்விடும் என்பது அவர் கட்சி. இதுவரை சலித்ததே இல்லை. மழைக்காலம் முழுக்கத் தொட்டி சும்மா கிடந்தது. கண்பட்டுவிடும் என்று மனைவி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலையில் அவள் ஓடிவந்தாள். "முளைச்சிருச்சுங்க! உங்க கை பொய்யாகல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சின்ன வெற்றிலை போல ஓர் இலை. விரலால் மண்ணைக் கிளறினார். அடியில் நகத்தளவு கொடித்துண்டு வேர்விட்டிருந்தது. கொசுறுக் கொடிகளை வளர்த்ததும் இதே மண்ணில்தான். பக்கத்தில் விதைகள் கூழாகிக் கிடந்தன.

"நம்ம மரந்தானே?" என்றாள் மனைவி.

"இல்ல. நம்ம கொசுறு."

அவர் முளையைப் பிடுங்கினார். எங்கே எறிந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.