மரியஜோசப் கழுவிய கடல்மண்

மரியஜோசப்புக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கழுவாமல் கையில் எடுக்க மாட்டார். கழுவாமல் இன்னொருவர் கையில் கொடுக்கவும் மாட்டார். கடையில் வாங்கிய சோப்பையே ஒரு தரம் கழுவிவிட்டுத்தான் தேய்ப்பார் என்று மனைவி அன்னமேரி கேலி செய்வாள். எல்லாம் வேலை கொடுத்த பழக்கம். வடக்குத்து கிராமத்திலிருந்து மைன்ஸுக்குக் கான்ட்ராக்ட் கூலியாகப் போய், செருப்புத் தேய அலைந்து, ஒருவழியாகப் பர்மனென்ட் ஆன மனிதர் அவர். நிலக்கரி எங்கே கிடக்கிறது என்று பார்க்கப் பூமியில் துளைபோட்டு உருளை உருளையாக மண்ணை வெளியே எடுப்பார்கள். அந்த உருளைகளை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவி, நிறம் பளிச்சென்று தெரியும்படி ஆபீசர் முன்னால் வைக்க வேண்டும். அதுதான் வேலை. கழுவாத மண்ணைக் காட்டுவது எச்சில் இலையில் சோறு போடுவதற்குச் சமம் என்பது அவருடைய கட்சி.

மகள் ஏஞ்சலினும் மண்ணைத்தான் பிடித்தாள். ஆனால் அது கடலடி மண். கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடல் நிலவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். 2002ல் ஆராய்ச்சிக் கப்பலில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டே, பிளாஸ்டிக் குழாய்களைக் கடலுக்குள் இறக்கி மண் எடுத்து வந்தாள், கெட்டிக்காரி. குழாயில் சிவப்பு மூடிப் பக்கம் இருப்பது நேற்று படிந்த மண். கீழே போகப் போக நூறு வருடம், ஆயிரம் வருடம். எந்தக் காலத்து வெள்ளம் ஆற்றிலிருந்து எதை அடித்துக்கொண்டு போனது என்பதெல்லாம் அதில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். குளிரிலேயே இருக்க வேண்டும், நிமிர்ந்தே நிற்க வேண்டும், காய்ந்தால் போச்சு. இன்னொரு தரம் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மண் கெட்டால் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் துறையின் குளிர் அறை படுத்துவிட்டது. மெக்கானிக் சென்னையிலிருந்து வர வேண்டும். சாமான் அதற்கும் அப்பாலிருந்து வர வேண்டும். மற்ற ஆய்வகங்களில் ஃப்ரிட்ஜ் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியது. ஏஞ்சலினுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் காய்ச்சிக் கொடுக்கிற ஊராயிற்றே. டவுன்ஷிப்பில் விளக்கு அணைந்ததை யார் கண்டார்கள்? பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, ஐஸ் பெட்டிகளோடு வேன் பிடித்து அப்பாவின் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் அத்தனையும் அடங்குமா? அன்னமேரி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கடல் சேறு என்றதும் எதிர்வீட்டுத் தனகோட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, இட்லி மாவுச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு இடம் கொடுத்தாள். மாவு புளித்து அந்த வீட்டில் ஒரு மாதம் புளித்த தோசைதான். பக்கத்து வீட்டு மஹ்மூதா, தெர்மல் பவர் ஸ்டேஷனில் ஃபிட்டராக இருந்த சைபுல்லாவின் மனைவி, தட்டுகளையெல்லாம் உருவி எடுத்துவிட்டு இரண்டு குழாய்களை நிற்க வைத்துக்கொண்டாள். மற்ற குழாய்களையும் அந்த வரிசை வீடுகளே பங்கு போட்டுக்கொண்டன.

அதற்குள் பக்ரீத் வந்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பங்கு போனது போக, மஹ்மூதா வீட்டுப் பங்குக் கறி அண்டா நிறைய இருந்தது, ஃப்ரிட்ஜில்தான் இடம் இல்லை. ஒரே ஒரு நாள் குழாய்களைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், எங்காவது ஐஸில் வைத்துச் சமாளிக்கலாம் என்று அன்னமேரி மன்றாடினாள். மஹ்மூதா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கு புள்ள. அமானிதம்ங்க அது. கறிக்காக அத வெளியில வைக்கலாமா?"

பாதிக் கறியை அன்றைக்கே ஆக்கி வரிசை முழுக்கக் கொடுத்தாள். மீதிக்கு உப்பும் மஞ்சளும் தடவி உப்புக்கண்டமாகத் துணிக்கொடியில் தொங்கவிட்டாள். காக்காய் விரட்டக் குச்சியோடு உட்கார்ந்தவள் அன்னமேரி. அப்படிப்பட்ட மனிதர்கள் பக்கத்தில் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

குளிர் அறை சரியாகிவிட்டது, பேராசிரியரே நேரில் வந்து குழாய்களை எடுத்துப் போகிறார் என்று தகவல் வந்தது. அங்கேதான் நம்ம மரியஜோசப்புக்குச் சனியன் பிடித்தது. பேராசிரியர் என்றால் ஆபீசருக்கும் மேலே. அவர் கையில் மண்ணை அப்படியே கொடுப்பதா? குளிரில் வை, நிமிர்த்தி வை என்று ஏஞ்சலின் ஆயிரம் சொல்லியிருந்தாள். கழுவாதே என்று மட்டும் சொல்லவில்லை. யாருக்கையா அது தோன்றும்? தம் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சிவப்பு மூடியைத் திறந்து, தோட்டத்துக் குழாயடியில் பிடித்தார். நிலக்கரி மண் கல் மாதிரி நிற்கும். கடல்மண் நிற்குமா? கஞ்சி மாதிரி ஒரு சாண் மண் வழிந்து வாழைப் பாத்திக்குள் ஓடிவிட்டது. மாதா கோயிலுக்குப் போகிற மனிதர் என்றாலும், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

மரியஜோசப் மூடியை அழுத்தி மூடிவிட்டு, பூத்துக்கு ஓடி மகளின் ஹாஸ்டலுக்கு போன் போட்டார்.

"பாப்பா, ஒரு கொழாயத் தொறந்து கழுவிட்டேன்."

ஏஞ்சலின் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சிவப்பு மூடிப் பக்கம் என்றார். சரிப்பா, மற்றதைத் தொடாதே என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மூன்று வருடம் அந்த ஒரு சாண் மண் அவர் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

2006ல் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது வழக்கம். வேன் பிடித்து வரிசை வீடுகளே கிளம்பி வந்துவிட்டன. எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. திரையில் குழாய்களின் படம் வந்தது. எல்லாவற்றுக்கும் தலை இருந்தது, ஒன்று மட்டும் மொட்டை. அது மரியஜோசப் கழுவிய குழாய். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் படத்திலேயே நின்றார். தமிழர்தான், பின்வரிசைக் கூட்டத்தைப் பார்த்தோ என்னவோ, கேள்வியைத் தமிழிலேயே போட்டார். இதன் மேல்பகுதி கடலிலிருந்து எடுக்கும்போதே போய்விட்டதா? அப்படிப் போவது சகஜம்தான் என்று வழியும் அவரே காட்டினார். ஏஞ்சலின் தலையை ஆட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை.

"இல்லைங்க சார். எங்க வூட்ல போச்சு. எங்கப்பாவுக்கு மைன்ஸ்ல மண்ணக் கழுவிக் காட்டுற வேலை. எனக்கும் கழுவிக் குடுத்தாரு."

கூடமே சிரித்தது. மரியஜோசப் நாற்காலிக்குள் புதைந்துபோனார். ஏஞ்சலின் நிறுத்தவில்லை. குளிர் அறை கெட்டது, வரிசை வீடுகள் ஃப்ரிட்ஜைக் காலி செய்தது, தனகோட்டி வீட்டு மாவு புளித்தது, பெருநாள் கறி கொடியில் காய்ந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்து வந்த மண்ணில் ஒரு சாண்தான் போனது, மற்றதெல்லாம் பிழைத்தது இவர்களால்தான் என்று பின்வரிசையைக் கைகாட்டினாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். எடுக்கும்போது போய்விட்டது என்று எழுதிய ஆய்வேடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், உண்மையில் எங்கே போனது என்று ஒருவர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அங்கேயே அறிவித்தார். மஹ்மூதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

டீயும் சமோசாவும் வந்த சந்தடியில் மரியஜோசப் மகளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ தலைய ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே பாப்பா. ஏன் சொன்ன?"

"நீ கழுவுனத மறைச்சா, இவங்க வச்சிக் காப்பாத்துனதையும் சேத்து மறைக்கணும்பா. அது என்னால ஆவாது."

கும்பிட வேண்டியவர்கள் இத்தனை பேர் ஒரே கூடத்தில் நிற்கிறார்களே, யாரிடம் தொடங்குவது என்று தெரியாமல் மரியஜோசப் நின்ற இடத்திலேயே அழுதார்.