எழுபத்தொரு நாள் ஆணையர்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஏன் என்று உறவினர் பலருக்கும் தெரியும்.

எடமலைப்பட்டி புதூரில் ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தவர் அப்பா. சகோதரர்கள் மூவருக்கும் இரண்டு ஜோடிச் செருப்புதான். அன்று யாருக்குப் பரீட்சை இல்லையோ அவர் வெறுங்காலோடு போவாராம். மூன்றாவது முயற்சியில் தேர்வில் தேறி, துணைக் கண்காணிப்பாளராகக் காவல் துறையில் சேர்ந்தார். நாங்கள் கே.கே. நகரில் இருந்தபோது வாசலில் ஜீப் நிற்கும். நானும் தம்பியும் டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனோம். அதில் எனக்கு அப்போதே கோபம்.

என் திருமணம் நிச்சயமான சமயத்தில் அப்பா ஒரு பெருநகரத்தின் காவல் ஆணையரானார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே பதவியைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பத்திரிகை அடித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் அங்கே ஒரு காவல் நிலையத்தில் விசாரணைக்கு அழைத்துப் போன இளைஞரை அடித்துக் காலை முறித்துவிட்டார்கள். அப்பா மருத்துவமனைக்கே நேரில் போய்ப் பார்த்தார். தம் துறையினர் மீதே வழக்குப் பதியச் சொன்னார். மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசிக்கும் மசியவில்லை. பதவியேற்ற எழுபத்தொன்றாம் நாள், கோப்பே வராத ஒரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்தப் பதவியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார் அப்பா. அத்தையும் சித்தப்பாவும் சுற்றி உட்கார்ந்து உதவினார்கள்.

"யாருப்பா இதைப் பாக்கப் போறாங்க? அப்படியே குடுங்க" என்றேன்.

"இல்லாத பதவியைச் சொல்லி ஒருத்தரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடக் கூடாதும்மா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கண்டும் காணாம இருந்திருந்தா என்னப்பா? மூணு மாசம்கூட உங்களால தாக்குப்பிடிக்க முடியல. எனக்குத்தான் அவமானம்."

அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். அப்பா கையிலிருந்த துண்டை ஒட்டி முடித்தார். பசை காய்வதற்குள் அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

திருமணம் நன்றாகவே நடந்தது. ஓய்வுபெற்றதும் அப்பா ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தார். சாகும்வரை கோயிலில் தர்ம தரிசன வரிசையில்தான் நின்றார். நானும் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து போனேன். அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவே இல்லை. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்த மதியம், மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றே போனேன். "சாப்பிட்டியாம்மா?" என்றார். பேச அவருக்கு மூச்சு வாங்கியது. "தூங்குங்கப்பா, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விடிவதற்குள் போய்விட்டார்.

அப்பாவை முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட செவிலியர்கள், காவிரிக்கரை வரை தோள்கொடுத்த அக்கம்பக்கத்தார், வெளியூர்களிலிருந்து ஓடி வந்த உறவினர்கள், அப்பாவிடம் பணிசெய்த காவலர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் இந்த மலர் வந்து சேரும். உங்கள் முன் சொன்னதை உங்கள் முன்னாலேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்பாவால் எனக்கு ஒரு நாளும் அவமானம் வந்ததில்லை. இதை அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.