அரிசி தொடாதவர்

பெரியப்பா எச்சில் விழுங்கும் சத்தத்தில்தான் ரொறன்ரோவில் என் முதல் காலை விடிந்தது. வரவேற்பறையின் நடுவே, முழங்காலைச் சற்று மடித்து, பெரிய பூசணிக்காய் ஒன்றை அணைத்திருப்பவர்போலக் கைகளை வளைத்து நின்றார். கண்கள் மூடியிருந்தன. நாக்கை வாய்க்குள் சுழற்றி எச்சிலைச் சேர்த்து, தொண்டை ஏறி இறங்க மடக் மடக்கென்று விழுங்கினார். பல நாடு சுற்றி வந்த களைப்பில் சோபாவில் கிடந்த நான், மனிதருக்கு ஏதோ நோய், வருத்தம் என்றே நினைத்தேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பெரியம்மா காலில் சப்பாத்தை மாட்டியபடியே சொன்னார்: "பயப்பிடாதை பிள்ளை. அது அமிர்தமாம். பெரியப்பா சாகாமல் இருக்கப் பழகிறார்."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரெக்ஸ்டேலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவர்கள் இருவரும் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த பெரியப்பா, இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டார். மருந்து மாத்திரைக்கு மசியாத முதுகை, பக்கத்து மண்டபத்தில் ஒரு வயதான சீன அம்மா நடத்திய, தாவோ என்ற பழைய சீன மரபின் பயிற்சி நிமிர்த்தியது. அதை நான் மறுக்கமாட்டேன். மெதுவாக மூச்சு விடு, மெதுவாகக் கையைத் தூக்கு, மெதுவாக நட, அவ்வளவுதான் அந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. பெரியப்பா அதோடு நின்றிருக்கலாம். படித்த மனிதர் அல்லவா, நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வந்தார்.

மனிதனின் உடம்புக்குள் மூன்று புழுக்கள் குடியிருக்கின்றன, தானியத்தைத் தின்று கொழுத்து அவனுடைய ஆயுளை அரிக்கின்றன என்று பழைய தாவோ முனிவர்கள் நம்பியதாக அந்தப் புத்தகத்தில் இருந்தது. தானியத்தை விட்டவனுக்குப் புழு சாகும், ஆயுள் நீளும். பெரியப்பா அன்றோடு சோற்றை விட்டார். யாழ்ப்பாணத்து மனிதன் சோற்றுக் கோப்பையைத் தள்ளினால் அது சமைத்தவளின் முகத்தைத் தள்ளியதுபோலத்தான். பெரியம்மா முதல் நாள் சிரித்தார். "மூண்டு புழுவுக்கோ இவ்வளவு பாடு? ஊரிலை எண்டால் பேதிக்குக் குடுத்திருப்பன்" என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. அரிசி தானியம், கோதுமை தானியம், ஆகவே புட்டும் பாணும் ஆகாது. ஆனால் ஒடியல் பனங்கிழங்கிலிருந்து வருவது, கிழங்கு தானியமில்லை என்று ஒரு தேற்றத்தை நிறுவுவதுபோல நிறுவினார். எந்தச் சீன முனிவருக்கும் தோன்றியிராத யோசனை அது. பேக்கரித் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பாண் அடுக்கிவிட்டு வரும் பெரியம்மா, ஒடியல் மாவை ஊறவைத்து, கசப்புப் போகத் தண்ணீர் மாற்றி மாற்றி வடித்து, தினமும் அவருக்குத் தனியாகப் புட்டு அவித்தார். கசந்தால் கோப்பையை விரலால் தள்ளிவிடுவார். பெரியம்மா மறுபடி அவிப்பார்.

சத்தைச் சேமிக்கவேண்டுமென்று பெரியப்பா படுக்கையைத் தனி அறைக்கு மாற்றினார். பெரியம்மாவின் கட்டிலில் எனக்கு இடம் கிடைத்தது. பேசினால் மூச்சு வீணாகும் என்று பேச்சையும் குறைத்தார். சாப்பாடு வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவார், தேநீர் ஆறியிருந்தால் கோப்பையைத் தட்டுவார். பெரியம்மா தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னது காதில் இருக்கிறது: "ஓமடி, அத்தான் சந்நியாசி ஆகிட்டார். மூண்டு நேரமும் சுடச்சுடச் சமைச்சுக் குடுக்கிற சந்நியாசம்." சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். பிறகு பெரியம்மா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டார். பெரியப்பாவோ நாளுக்கு நாள் பளபளத்தார். கோயிலில் கண்டவர்கள் எல்லாம் பெரியம்மாவை அவருக்கு அக்காவா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு அந்த மனிதர் பூரித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டபோது காலம் கடந்திருந்தது. தோல் சுருங்கி, கண்கள் உள்ளே போய், சில மாதங்களில் பாதியாகிவிட்டார். பெரியப்பா அவருடைய அறைப் பக்கம் வருவதை நிறுத்தினார். நோயாளியின் மூச்சு ஆரோக்கியமான மூச்சை இழுத்துக்கொள்ளுமாம். ஒருநாள் அந்தச் சீன அம்மா பிளாஸ்க் ஒன்றோடு பார்க்க வந்தார். உள்ளே அரிசிக் கஞ்சி, இஞ்சி வாசத்தோடு. பெரியம்மாவுக்குக் கரண்டியால் பருக்கிவிட்டு, வெளியே வந்து பெரியப்பாவின் பளபளப்புக்கு அடியில் மெலிந்திருந்த கன்னத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் திட்டினார். சோறு சாப்பிட வேண்டாமென்று யார் சொன்னது, நான் தினமும் சாப்பிடுகிறேன் என்றார். பெரியப்பா புத்தகத்தைக் காட்டினார். அந்த அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதை எழுதிய காலத்து மனிதர்கள் மலையில் தனியாக இருந்தவர்கள், உனக்கு மனைவி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா அத்தோடு வகுப்பை விட்டார். புத்தகத்தை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அவரை ஒருக்கா வரச்சொல்லு பிள்ளை. கதைக்க வேண்டாம், மூச்சுப் போகும். சும்மா பக்கத்திலை இருந்தால் காணும்." நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். பூசணிக்காய் அணைப்பில் நின்றவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "நான் போய் என்ன செய்ய ஏலும்? எனக்கும் வருத்தம் வந்தால் ஆர் பாக்கிறது?" அடுத்த நாள் மத்தியானம் பெரியம்மா போய்விட்டார். அவர் கை என் கையில் இருந்தது. கண் கதவைப் பார்த்தபடியே இருந்தது, நான்தான் மூடிவிட்டேன்.

செத்தவீட்டுக்குப் பெரியப்பா வராமல் இருக்க முடியாது. பிள்ளைகள் இல்லாததால் கிரியையை அவர்தான் செய்யவேண்டும். சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து எட்ட நின்றார். வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும் ஐயர் தட்டை அவர் முன்னால் நீட்டினார். பச்சை அரிசி. பெரியப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். விளங்கவில்லையென்று நினைத்து ஐயர் மறுபடி சொன்னார். "நான் அரிசி தொடுறேல்லை, ஐயா." சனம் நிறைந்த மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. அவருடைய சொந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உவன் மனிசனே?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். தட்டு அப்படியே நீண்டிருந்தது. நான் போய் அரிசியை அள்ளி என் பெரியம்மாவின் வாயில் போட்டேன். பெரியப்பாவின் பங்கையும் சேர்த்து நானே போட்டேன்.

இன்றைக்குப் பெரியப்பாவுக்கு வயது தொண்ணூறுக்கு மேல். றிச்மண்ட் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவர் இருக்கும் மாடியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தம்பி போய்விட்டார், நண்பர்கள் போய்விட்டார்கள், ஊரே போய்விட்டது. பெரியம்மாவுக்காகத்தான் நான் அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. எப்படி முடிகிறது என்று பார்க்கத்தான் போகிறேன். போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், வாய் ஓயாமல் பேசுவார், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வரும்: "எனக்கு ஏன், பிள்ளை, சாவு இன்னும் வருகுதில்லை?"

சென்ற மாதம் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். இளவயது டொக்டர் ஒருவர் நெஞ்சையும் முதுகையும் சோதித்தார். பெரியப்பா என் முகத்தையே பார்த்திருந்தார். டொக்டர் ஆங்கிலத்தில் விரைவாகச் சொல்லி முடித்ததும் என் சட்டைக் கையை இழுத்தார். "என்னவாம்? சாவு கிட்டடியிலையோ?" கண்ணில் அப்படி ஓர் ஆசை.

"இல்லைப் பெரியப்பா. சும்மா சளி, தடிமன்தானாம். இருதயம், நெஞ்சு எல்லாம் நல்ல திறமாம். இன்னும் கனகாலம் இருப்பியளாம்."

காது மந்தமென்பதால் குனிந்து, இரண்டாம் தரமும் தெளிவாகச் சொன்னேன். அவருக்கு விளங்கியது. வாய் கோணி, சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். டொக்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவருடைய தோளில் தட்டிக்கொடுத்தார். நான் அவரைத் திருத்தவில்லை.