சொட்டட்டும், விடுங்கள்

கேஸ் கீஸர் மெக்கானிக்கை யாரும் நல்ல நேரம் பார்த்துக் கூப்பிடுவதில்லை. தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும்போதுதான் என் நம்பர் ஞாபகத்துக்கு வரும். தர்மபுரியைச் சுற்றி ஸ்பானர் பையோடு பைக்கில் அலைகிறவன் நான். மார்கழி பிறந்துவிட்டால் சூடான சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், கீஸருக்குள் போய்ப் படிந்துகொள்ளும். வீட்டில் கீஸர் வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

கீழே ஒரு டம்ளர்

புது கீஸர் மாட்டிய வாரத்தில் வருகிற போன்களில் பாதி ஒரே புகார்தான்: "ஒழுகுதுங்க." உண்மையில் அது ஒழுகல் இல்லை. குழாயை மூடிய பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில் தண்ணீர் கொஞ்சம் பெருகும். அந்த அழுத்தம் வெளியேறுவதற்காகவே அடியில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கிறது. அது நாலு சொட்டு விட்டால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

டவுனில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, வால்வுக்குக் கீழே எவர்சில்வர் டம்ளர் வைத்து, தேறிய கால் டம்ளர் தண்ணீரைச் சாட்சியாக என்னிடம் நீட்டினார். நான் பொறுமையாக விளக்கி முடித்தேன். அவர் முகத்தில் நிம்மதியைக் காணோம், ஏமாற்றம்தான் தெரிந்தது. "கெட்டுப் போகலைன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? வந்ததுக்கு அந்த மிக்ஸியையாவது பாத்துட்டுப் போங்க."

தோசைக்கல் ரெகுலேட்டர்

தொப்பூரில் ரோட்டோரம் ஓட்டல் நடத்துகிறவர், பின்னாலேயே வீடு. கீஸர் இரைகிறது, தீ வெளியே நாக்கை நீட்டுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மூடியெல்லாம் கரி. கீஸரில் ஒரு குற்றமும் இல்லை. சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருந்தது ஓட்டலின் பெரிய அடுப்புக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர். குளிருக்குத் தண்ணீர் சூடு போதவில்லை என்று மனுஷன் அதைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்.

சிலிண்டரை மூடி, வீட்டு ரெகுலேட்டரையும் புது ஹோஸையும் போட்டேன். வீட்டு கீஸருக்குக் கேஸ் மெதுவாகத்தான் வர வேண்டும், அடித்துக்கொண்டு வந்தால் வீடே பற்றிக்கொள்ளும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "லாரிக்காரங்க அத்தனை பேருக்கும் தோசை ஊத்துற அடுப்பும் நான் ஒருத்தி குளிக்கிறதும் ஒண்ணான்னு அன்னைக்கே கேட்டேங்க, காதுல வாங்குனாத்தானே!"

வாஸ்து மூடி

அதியமான்கோட்டையில் மாதேஷ் என்று ஒரு பூ விவசாயி. புது வீடு கட்டி, பிரஷர் பம்ப் எல்லாம் வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், கைக்குழந்தை. கீஸருக்குள் டொம் டொம் என்று சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார். நான் போனபோது மகள் பாத்ரூமில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கீஸர் அதே சுவரின் வெளிப்பக்கம்.

அவள் குழாயை மூடினாள். தீ அணையவில்லை. தண்ணீர் நின்றால் கேஸை நிறுத்த வேண்டிய உள் வால்வு, உப்புப் படிந்து இறுகிவிட்டது. சரி, சேஃப்டி வால்வாவது இருக்கிறதே என்று குனிந்தேன். அதன் வாயில் பித்தளை மூடி. டேப் சுற்றி அழகாக முறுக்கியிருந்தார்கள். பம்ப் தண்ணீரைத் திரும்ப விடாது, வால்வோ அடைப்பு, கீழே தீ எரிகிறது. சிலிண்டரை மூடிவிட்டு, "பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாம்மா!" என்று கத்தினேன். சோப்பு நுரையோடு குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

கீஸர் ஆறும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, மாதேஷை ஒரு பிடி பிடித்துவிட்டேன். அவர் அசையவில்லை. "வடகிழக்கு மூலையில தண்ணி சொட்டுனா வூட்டுல எதுவும் தங்காதுன்னு வாஸ்துக்காரர் சொன்னாருங்க. நான்தான் அடைச்சேன்." அழுத்தம், சூடு என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மகள்தான் நிமிர்ந்தாள். "ஏம்ப்பா, பூக்காட்டுல சொட்டுநீர் பைபாஸ் வால்வ யாராவது அடைச்சுட்டா, மிச்சத் தண்ணி எங்கடா போகும், பைப்பு வெடிக்காதான்னு குதிப்பியே. இதுக்குப் பக்கத்துலதானே என் புள்ளய வெச்சுக் குளிப்பாட்டுறேன்?"

சொட்டு நின்றுபோனது

மூடியை மாதேஷே கழற்றினார். நான் உள் வால்வின் உப்பைச் சுரண்டி, புது சேஃப்டி வால்வு மாட்டினேன். அதிலிருந்து சொட்டுவது குண்டுமல்லிச் செடியடிக்குப் போகட்டும் என்று, காட்டில் மிச்சமிருந்த சொட்டுநீர் டியூபை அவரே கொண்டுவந்து செருகினார்.

கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தார், குரலில் பதற்றம். "சொட்டு நின்னு போச்சுங்க. மறுபடி அடைச்சுக்கிச்சோ என்னமோ." பதறிப்போய்ப் போனேன். வால்வு நன்றாக இருந்தது. கீஸர்தான் ஜில்லென்று கிடந்தது. தண்ணீர் சுட வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். மகளும் குழந்தையும் ஓசூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டார்களாம், அவரும் மனைவியும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார்களாம். கூடத்து விட்டத்தில் தூளிக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஒருமுறை ஓடவிட்டு மூடிக் காட்டினேன். டியூப் முனையில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. மனுஷன் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பழுதெல்லாம் இல்ல. பாப்பா வந்தா தானாச் சொட்டுமில்லீங்க?"

சொட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், சொட்டாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆக, எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நானே ஒரு சேஃப்டி வால்வு.