இரண்டாவது நம்பர்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் ஜெய்சங்கர் சண்டைக்கு வரமாட்டார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அத்தனையும் நடந்தது, அதுவும் ஆயுத பூஜை அன்று, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஜெய்சங்கர். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. இருந்தது ஒரே ஒரு சிநேகிதன், பக்கத்து லேத்தில் நின்ற நஸ்ருல்லா. ஓய்வு பெற்றதும் நஸ்ருல்லா சொந்த ஊரான நாகூருக்குப் போய் ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கினார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இருவரும் போனில் பேசுவார்கள். பேச ஒன்றுமே இருக்காது. இன்றைக்கு என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடியும். போன வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போன நஸ்ருல்லா திரும்பவில்லை. படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை, சட்டைப்பையில் இருந்த போனும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெய்சங்கரின் போன், லோன் வேண்டுமா என்று கேட்க மட்டுமே அடித்தது.

அதே படகைச் சரிபார்த்துக் கடலில் இறக்கப் போகிறேன் என்று நஸ்ருல்லாவின் மகன் முஜிபுர் ரஹ்மான் சொன்னது ஜெய்சங்கருக்குப் பிடிக்கவில்லை. தடுக்க அவர் யார்? ஆபத்து வந்தால் சாட்டிலைட்டுக்குச் சேதி சொல்லும் கருவி ஒன்று உண்டு, பீக்கன் என்று பெயர் என்று கேள்விப்பட்டிருந்தார். அதை வாங்கித் தருகிறேன், அது இல்லாமல் போகாதே என்றார். இந்தப் பையனும் போய்விட்டால் தன்னை மாமா என்று கூப்பிட உலகத்தில் ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மன்னார்புரத்தில் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் ஸ்ரீதர் இரண்டு பீக்கன்களை மேஜை மேல் வைத்தார்.

“இது சின்னது. சட்டையில மாட்டிக்கலாம். ஆனா கையால அழுத்தினாத்தான் வேலை செய்யும்.”

“அழுத்த முடியலைன்னா?”

“அப்ப இது. படகுல ஒரு கூட்டுக்குள்ள இருக்கும். படகு மூழ்கினா தானா வெளியே வந்து மிதக்கும். தண்ணி பட்டதும் சிக்னல் போயிடும். யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்.”

விலையைக்கூடக் கேட்காமல் ஜெய்சங்கர் பெரியதை எடுத்துக்கொண்டார். கடைசி நேரத்தில் நஸ்ருல்லாவின் கை எதைத் தேடியிருக்கும் என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

கருவியைப் பதிவு செய்ய, கரையில் இருக்கும் இரண்டு பேருடைய நம்பர் வேண்டும் என்றார் ஸ்ரீதர். சிக்னல் வந்தால், அதைக் கவனிக்கும் மையத்திலிருந்து அந்த இரண்டு பேரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். முதலாவது தன் நம்பர். இரண்டாவது? முஜிப்பின் உம்மாவிடம் சொன்னால் பயத்திலேயே படுத்துவிடுவாள். வேறு யார்... ஜெய்சங்கர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். வாய் அதைச் சொல்லிவிட்டது. அது கடலோடு போன நம்பர் என்று படி இறங்கும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய், எனக்கு வேறு ஆள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

பீக்கனை அன்றே பையனுக்கு அனுப்பியிருக்கலாம். பட்டறையில் காலம் தள்ளியவருக்கு மனசு கேட்கவில்லை. ஆயுத பூஜை வருகிற நேரத்தில் புதுக் கருவியைப் பொட்டு வைக்காமல் எப்படிக் கொடுப்பது?

“பூஜையில வெச்சு எடுத்து, விஜயதசமி அன்னிக்குக் கையில தரேன். வந்து வாங்கிக்க.”

“சரிங்க மாமா,” என்றான் முஜிப்.

பூஜை அன்று ஸ்பேனர், திருப்புளி, ஸ்கூட்டர் சாவி என்று ஒவ்வொன்றாக மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார். பீக்கனைக் கூட்டோடு வைத்தால் பூஜை கருவிக்கா, கூட்டுக்கா என்று ஒரு பெரிய சந்தேகம். வெளியே எடுத்து அதையும் அழுத்தித் துடைத்தார். தண்ணீரைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தனம், குங்குமம், உச்சியில் ஒரு செவ்வந்தி. ஒரு பிடி பொரி தின்றுவிட்டுப் படுத்தார்.

விழிப்பு வந்தபோது மத்தியானம் மணி மூன்று பத்து.

சுவரில் ஒரு வெளிச்சம் வெட்டியது. அணைந்தது. மறுபடி வெட்டியது...

பூஜை அலமாரியில் பீக்கன் மின்னிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய கருவியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் முழுக்கக் கரைந்துவிட்டது. தட்டில் பொரி மிதந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

ஸ்ரீரங்கத்துக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர்.

போன் அடித்தது.

“ஜெய்சங்கர் சாருங்களா? சிக்னல் மையத்துலேர்ந்து சௌமியா பேசறேன். உங்க பீக்கன்லேர்ந்து ஆபத்து சிக்னல் வருது.”

“தப்புங்க. அது கடல்லயே இல்ல. என் வீட்டுப் பூஜையில இருக்கு. தண்ணி பட்டுடுச்சு.”

“எங்க திரையிலயும் ஸ்ரீரங்கம்தான் காட்டுது.”

“அப்ப விட்டுடுங்க.”

சௌமியா விடவில்லை.

“படகு எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க சார். உடனே.”

முஜிப்பின் போன் அடிக்கவே இல்லை. நாகூரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஐஸ் விற்கும் ஹபீபுல்லாவைக் கூப்பிட்டார்.

“முஜிப்பா? காலையிலயே போயிட்டானே. இஞ்சினை ஓட்டிப் பாக்கறேன்னு தனியாத்தான் போனான்.”

ஜெய்சங்கர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

பையன் கடலில். பீக்கன் அலமாரியில்.

வெளிச்சம் வெட்டியது...

மையத்தைக் கூப்பிட்டார்.

“கப்பல் போயிட்டிருக்கு சார். முன்னாடியே கிளம்பிடுச்சு.”

“எங்கன்னு எப்படித் தெரியும்?”

“அப்புறம் பேசறேன் சார்.”

ஐந்தரை மணிக்கு அலமாரி வெளிச்சம் தானாக நின்றது.

அவர் அதைத் தொடவில்லை.

வேளாங்கண்ணிக்கு நேர் கிழக்கே, கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த முஜிப்பை உயிரோடு தூக்கிவிட்டார்கள் என்று ஆறு மணிக்குச் சேதி வந்தது. ஜெய்சங்கர் வாய்விட்டு அழுதார்.

நான்கு நாள் கழித்து சௌமியா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“அன்னிக்கு முதல்ல உங்க நம்பருக்குத்தான் அடிச்சோம் சார். நீங்க எடுக்கல. ரெண்டாவது நம்பருக்கு அடிச்சோம். ஒருத்தர் எடுத்தார்.”

ஜெய்சங்கர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“சிக்னல் வர்ற வீட்ல ஆபத்து இல்ல, பையன் கடல்ல இருக்கான்னு சொன்னார். இடத்தையும் அவர்தான் சொன்னார். பின்னாடி ஒரே தண்ணி சத்தம். யாருங்க சார் அவர்?”

நஸ்ருல்லா போன நாளிலிருந்து, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஜெய்சங்கர் அந்த நம்பரை அடித்துப் பார்க்கிறார். ஒரு தடவைகூட மணி அடித்ததில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற குரல்தான் வரும்.

“லைனை அவர் விடவே இல்ல சார். கப்பல் போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே இருந்தார். பையனைத் தூக்கியாச்சுன்னு நான் சொன்ன பிறகுதான் கட் ஆச்சு.”

ஜெய்சங்கர் கேட்டார்.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?”

“இல்லைங்க சார். பையனைப் பத்தி மட்டும்தான்.”