கண்ணைக் காட்டப் போன இடத்தில்

லிங்கியில் காலை ஏழே காலுக்கு பஸ் ஏறினேன். சிரம்பானுக்கு டிக்கெட் ஆறு வெள்ளி. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம்தான். எனக்குத் தெரிந்தது பச்சைப் புகை மாதிரி ஏதோ ஒன்று. வலது கண்ணில் புரை விழுந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. இடதும் மங்கல்தான்.

பஸ் நிலையத்தில் மகன் சேகர் நின்றான். அங்கேயே அம்பாங்கானில் குடியிருக்கிறான், பேக்டரி வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கட்டி எனக்கு மெடிக்கல் கார்டு எடுத்து வைத்திருக்கிறான். அதை வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று லீவு போட்டிருந்தான்.

வாடகைக் காருக்கு ஒன்பது வெள்ளி. டிரைவர் நம்மவர். ஆஸ்பத்திரி பேரைக் கேட்டதும் ஆரம்பித்துவிட்டார். கார்டு எதற்கு, வரிப்பணத்தில் அரசாங்கமே எல்லாருக்கும் பார்க்க வேண்டும், ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வரிசை என்றார். அந்த வரிசையில் நின்றால் கண்ணே போய்விடும் என்றான் சேகர். சம்பளத்தில் பிடித்து எல்லாரையும் கட்டாயமாகக் கார்டு எடுக்க வைக்க வேண்டுமாம்.

"சம்பளமே இல்லாதவங்களுக்கு யாரு கட்டுவா, தம்பி?"

"அவங்களுக்கு கவர்மெண்டு கட்டட்டும்லா. ஆனா எல்லாரும் உள்ள வரணும், அண்ணே. இப்ப நோய மறைச்சிட்டு கார்டு எடுக்குறானுங்க. அவனுங்களாலதான் ஒழுங்கா இருக்கிறவனுக்கும் காசு ஏறுது."

டிரைவர் கண்ணாடி வழியாக, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று என்னையும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்டு எழுத வந்த ஏஜெண்டு, இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று என்னிடம் கேட்டிருந்தார். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து வருஷமாக லிங்கி கிளினிக்கில் அதற்குத்தான் மாத்திரை வாங்குகிறேன். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது உடம்புக்கு என்ன என்று கணக்கெழுதும் கிராணி கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வோம். காய்ச்சல் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்றைய கூலி போய்விடும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யார் கேட்டாலும் எனக்கு அதுதான் வாயில் வருகிறது. பிறகாவது மகனிடம் சொல்லியிருக்கலாம். வெட்கத்திலேயே நாள் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குள் நல்ல குளிர். ரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிக்குக் கவுண்டருக்குக் கூப்பிட்டார்கள். இனிப்பு நீர் அதிகமாக இருக்கிறது, பழைய நோய் போல் தெரிகிறது, கார்டு எடுக்கும்போது இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றாள் அந்தப் பெண். சேகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெஷின மறுபடி பாருங்க. எங்கம்மா பொய் சொல்றவங்க இல்ல."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இருக்குப்பா. அஞ்சு வருஷமா மாத்திர சாப்பிடுறேன். அந்த ஆளு கேட்டப்ப நான்தான் சொல்லல."

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். சேகர் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். என் பிள்ளை எனக்காக இன்னொருவரிடம் அப்படி நின்றதை இந்த அரைக்கண்ணால் பார்த்தேன்.

வெளியே சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு கிளாஸ் சூடான தே வாங்கினான். "என்கிட்டயாவது சொல்லக்கூடாதாம்மா?" என்றான். பெரட்டுக் கதையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. பேக்டரிக்குப் போன் போட்டு மறுநாளும் லீவு கேட்டான். லிங்கி கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையிலேயே நிற்கலாம் என்றான். எத்தனை மாதம் ஆகுமோ, அதற்குள் இந்தக் கண் என்ன ஆகுமோ, இருவருக்கும் தெரியாது. ஆனால் லிங்கி கிளினிக்கில், நோய் இருக்கிறது என்று சொன்னதால்தான் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இங்கே அதையே சொன்னதும் எழுந்து வர வேண்டியதாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஓர் இடம்தான் இருந்தது. நான் உட்கார, சேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று குனிந்து கேட்டான். ரத்தக் கொதிப்பைச் சொன்னேன். முழங்காலைச் சொன்னேன். ராத்திரியில் கால் மரத்துப் போவதையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே லிங்கி வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.